5 வயசு மகன், 8 வயசு மகள்: தூண்டில் போடக் கூட்டிட்டுப் போக என்ன ஆயத்தம் வேணும்?

நோர்வூட்காரன் கேட்டது:

வணக்கம். ஏப்ரல் லீவுல பிள்ளைங்க ரெண்டு பேரையும் காசல்ரீ நீர்த்தேக்கக் கரைக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். மகனுக்கு 5, மகளுக்கு 8. ரெண்டும் இதுவரைக்கும் தூண்டில் தொட்டதில்ல. எனக்கும் மண்புழு கோர்க்கத் தெரியும், அதோட சரி. டவுன் கடையில ரீல் பூட்டின பைபர் தூண்டிலைக் காட்டுறாங்க. சின்னப் பிள்ளைக்கு அது சரிவருமா, மூங்கில் தடியே போதுமா? எந்த நேரத்துக்குப் போறது, எவ்வளவு நேரம் தாங்குவாங்க, அட்டை கடிக்காம இருக்க என்ன செய்றது? பெரிய மீன் வேணும்னு இல்ல. திரும்பி வரும்போது "மறுபடி எப்போ போறது"ன்னு கேட்டாங்கன்னா போதும்.

தங்கூசி பதில்:

5 வயசுக்கு மூங்கில்தான். ரீலைப் பத்தி யோசிக்கவே வேணாம்.

தடி 6 அடிக்கு மேல போகக் கூடாது. நுனி பென்சிலை விட மெல்லிசா இருக்கணும். பச்சை மூங்கிலை வெட்டின கையோட கட்டினா பாரம் தாங்காம பத்து நிமிசத்தில பிள்ளை தடியைக் கீழ வெச்சிடும். ரெண்டு மூணு கிழமை நிழல்ல காயப் போட்டா பாரம் நல்லாக் குறைஞ்சிடும். லீவுக்கு இன்னும் நாள் இருக்கு, இப்பவே வெட்டிப் போடுங்க. கணுவையெல்லாம் சிரட்டைத் துண்டால சுரண்டி விடுங்க, பிசிர் கையில ஏறாது.

தங்கூசி, அதாவது தூண்டில் நரம்பு, 0.20 இல்லாட்டி 0.25 மில்லிமீட்டர் மொத்தம். அதை நுனியில மட்டும் கட்டாதீங்க. தடியோட நடுவில ஒரு கட்டு, அங்கிருந்து சுத்திக்கிட்டே போய் நுனியில இன்னொரு கட்டு. நுனி முறிஞ்சாலும் மீனும் தங்கூசியும் கையில இருக்கும். நீளம் ரொம்ப முக்கியம்: நுனியிலிருந்து தூண்டில் முள்ளு வரைக்கும் தடியை விட ஒரு சாண் குறைவா விடுங்க. தடியை நட்டமா நிமிர்த்தினா முள்ளு தானா பிள்ளையோட நெஞ்சுக்கு நேரா ஊஞ்சலாடி வரும். தங்கூசி தடியை விட நீளமா இருந்தா மீன் எட்டாது, பிள்ளை பின்னால ஓடும், சறுக்கி விழும். கரையில பிள்ளைங்க விழுறது நிறைய இதனாலதான்.

முள்ளு 10 இல்ல 12ஆம் நம்பர். நம்பர் கூடக் கூட முள்ளு சின்னதாகும், கடையில மாறி வாங்கிடாதீங்க. அங்க படுற திலாப்பியா மீனுக்கு வாய் சின்னது, பெரிய முள்ளைப் போட்டா இரையை மட்டும் பிய்ச்சிட்டுப் போயிடும். முள்ளு நுனிக்குக் கொஞ்சம் பின்னால எதிர்ப்பக்கமா நீட்டிக்கிட்டு இருக்கிற குட்டிக் கூர் நுனியைக் குறட்டால அமுக்கித் தட்டையாக்கிடுங்க. தங்கூசியைத் தொய்ய விடாமத் தூக்கினா மீன் கழராது. பிள்ளை விரல்ல ஏறினாலும் வந்த வழியே உருவிடலாம். அந்தக் கூரோட ஏறிட்டா இழுக்கவே வேணாம். தங்கூசியை வெட்டிட்டு, முள்ளு அசையாமத் துணி சுத்தி ஆஸ்பத்திரிக்கே கொண்டு போங்க. ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டிருக்கான்னும் கேப்பாங்க.

மிதவைக்குக் காசு செலவழிக்க வேணாம். பழைய ரப்பர் செருப்போட அடியிலிருந்து 3 சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை சென்டிமீட்டர் மொத்தத்தில ஒரு துண்டு வெட்டி உருண்டையாச் சீவுங்க. சாக்கு ஊசியை நீளவாட்டில ஏத்தி ஓட்டை போட்டு, தங்கூசியைக் கோர்த்து, ஒரு துண்டு ஈர்க்கை இறுக்கிச் செருகிட்டா நின்ன இடத்தில நிக்கும். ஆழம் மாத்தணும்னா ஈர்க்கைக் கழட்டி நகர்த்தலாம். மேல் பாதிக்கு சிவப்பு நகப் பூச்சு அடிங்க, அந்த வேலையை மகளுக்கே குடுங்க. தான் பூசின மிதவையைப் பிள்ளைங்க பாத்துக்கிட்டே இருப்பாங்க, அடுத்தவன் பூசினதைப் பாக்க மாட்டாங்க.

பாரத்துக்கு ஈயக் குண்டை முள்ளிலிருந்து 15 சென்டிமீட்டர் மேல வெச்சு அமுக்குங்க. குறட்டால மட்டும். பல்லால கடிச்சு அமுக்கிற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட நிறைய இருக்கு, ஈயம் விசம், பிள்ளை அதைப் பாத்துப் பழகிடும். வீட்டிலேயே ஒரு வாளித் தண்ணியில போட்டுப் பாருங்க. மிதவையில ஒரு சென்டிமீட்டர் மட்டும் வெளியில தெரியிற வரைக்கும் குண்டைக் கூட்டணும். ரொம்ப மேல நின்னா மீன் இழுக்கும்போது கனம் தெரிஞ்சு துப்பிடும். மிதவை படுத்தே கிடந்தா முள்ளு தரையில உக்காந்திருக்குன்னு அர்த்தம், ஆழத்தைக் குறைங்க.

8 வயசுக்கு ரீல் குடுக்கலாம், ஆனா அன்னைக்கே முதல் தடவையாக் குடுக்க வேணாம். லயத்து முன்னால இல்ல கிரவுண்டில ஒரு கிழமைக்கு முன்னாலயே முள்ளைக் கழட்டிட்டு ஒரு நட்டைக் கட்டி எறியப் பழக்குங்க. தடி 6 அடிக்குள்ள, ரீல் 1000 இல்லாட்டி 2000 சைஸ். தங்கூசி சிக்கலாகிறதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, ரீல்ல விளிம்பு வரைக்கும் நிரப்பி வெக்கிறது. 2 மில்லிமீட்டர் இடம் விடணும். மற்றது, எறிஞ்ச உடனே தொய்ஞ்சு கிடக்கிற தங்கூசியை அப்படியே சுத்துறது. எறிஞ்ச பிறகு ரீல்ல திறந்திருக்கிற வளையக் கம்பியைக் கையால மூடி, தங்கூசியை ஒரு தடவை இழுத்து விறைப்பாக்கிட்டுத்தான் கைப்பிடியைச் சுத்தணும்.

மவுஸ்ஸாகலைக் காற்று பதில்:

சாமானைத் தம்பி தங்கூசி வடிவாச் சொல்லிட்டார். ரீல் விசயத்தில மட்டும் ஒத்துப் போக மாட்டேன். ஒண்ணுக்கு ரீலும் மற்றதுக்கு மூங்கிலும் குடுத்தீங்கன்னா அன்னைக்கு மீன் பிடிக்க ஏலாது, சண்டை பிடிக்கத்தான் நேரம் இருக்கும். முதல் தடவைக்கு ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி மூங்கில்.

நேரத்தைப் பத்தி ஒண்ணு. விடியக் காலையில போனாத்தான் மீன் படும்னு சொல்வாங்க. கீழ்நாட்டுக் குளத்துக்கு அது சரி. திலாப்பியா வெப்ப நாட்டு மீன், 1952ல வெளிநாட்டிலிருந்து இங்க கொண்டு வந்து விட்டது. தண்ணி குளிர்ந்தா தீனி எடுக்காது. மலைநாட்டில காலை 6 மணிக்குப் பனியில நடுங்கிக்கிட்டு நிக்கிறதில பிரயோசனம் இல்ல, பிள்ளைக்கும் தடிமன். வெயில் ஏறி கரையோரத் தண்ணி சூடாகிற 9 மணியிலிருந்து 11.30 வரைக்கும் போதும். மார்ச், ஏப்ரல்ல பகல் ஒரு மணிக்கு மேல மேகம் கட்டி இடி மழை வர்ற நாள்தான் கூட. முதல் இடிச் சத்தத்தோட தடியைக் கீழ போட்டுட்டுக் கரையை விட்டு ஏறிடணும், மழை வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. மே மாசத்துக்குப் பிறகு தென்மேல் பருவ மழை பிடிச்சிடும், நம்ம பக்கம் பிள்ளைகளோட போற காலம் இல்ல அது.

இடம் தெரியிறதுதான் எல்லாத்தையும் விடப் பெரிய வேலை. வெயில் காலத்தில தண்ணி இறங்கினதும் கரையில வெடிச்சுக் காய்ஞ்ச மண் தெரியும். மேல பாக்கக் கட்டாந்தரை, உள்ள கூழ் மாதிரிச் சேறு. பெரியவனுக்கு முழங்கால் வரை போற இடத்தில 5 வயசுப் பிள்ளை இடுப்பு வரை போகும். ஒரு தடியால முன்னுக்குக் குத்திக் குத்திப் பாத்துத்தான் நடக்கணும். புல் முளைச்ச கரை, இல்லாட்டி சரளைக் கல் கரை, அதுவும் மெதுவா இறங்கிற சரிவாப் பாருங்க. நீர்த்தேக்கம்னா பழைய மலைச்சரிவு தண்ணியில முங்கினது, குளம் இல்ல. சில இடத்தில ரெண்டடி எடுத்து வெச்சா ஆள் ஆழம். பிள்ளைங்க நிக்கிற இடத்திலிருந்து முன்னுக்கு மூணு மீட்டராவது முழங்கால் தண்ணியா இருக்கான்னு நீங்க இறங்கித் தடியால அளந்து பாத்துட்டு நிறுத்துங்க. அந்த இடத்தில ஒரு கயிறைத் தரையில போட்டு "இதுக்கு அங்கால போகக் கூடாது"ன்னு கோடு காட்டிடுங்க.

கெகெல்கமு ஓயா ஆறு காசல்ரீக்குள்ள வந்து விழுற வாய்ப் பக்கம் வேணாம். நீங்க வெயில்ல நின்னாலும் மேல மலையில மழை பெஞ்சா ஆறு சட்டுனு ஏறும். தண்ணி தேத்தண்ணி நிறமா மாறுது, இலை தழை மிதந்து வருதுன்னா எழும்பிடுங்க. அணைக்கட்டுப் பக்கமும் வேணாம், அது மின்சாரத் திட்டத்தோட இடம், மீன் பிடிக்க விட மாட்டாங்க. தலவாக்கலையில மேல் கொத்மலை அணைக்குக் கீழ ஆத்துக்குள்ள பிள்ளைகளை இறக்கவே கூடாது, வான்கதவு திறந்தா சைரன் ஊதின பிறகு பாறையிலிருந்து ஏற நேரம் பத்தாது. நுவரெலியா கிரெகரி ஏரிக்குப் போகலாமான்னு யாராவது கேப்பாங்க, ஏப்ரல் சீசன்ல படகும் சனமும்தான் இருக்கும். ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா, உள்ள தூண்டில் போட முடியாது. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில தண்ணி வத்தினா பழைய மஸ்கெலியா டவுனோட கோயில் வெளியில தெரியும், பிள்ளைகளுக்குக் காட்ட நல்லது. ஆனா அந்தப் பக்கம் பழைய சுவரும் மரக்கட்டையுமா இருக்கும், முள்ளு போய் மாட்டிக்கிட்டே இருக்கும்.

மிதவைக் காவல் சட்டை (லைஃப் ஜாக்கெட்) கட்டாயம். பிள்ளையோட நிறைக்குப் பொருத்தமானதாப் பாருங்க, வயசைப் பாத்து வாங்க வேணாம். மாட்டிட்டு ரெண்டு தோளையும் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க. சட்டை காது வரைக்கும் ஏறினா பெரிசு. கால் இடுக்கால போற பட்டி இருக்கிறதா வாங்குங்க. வெறும் பிளாஸ்டிக் போத்தலை இடுப்பில கட்டுறது சரிவராது, பிள்ளை குப்புறக் கவிழ்ந்திடும்.

குளவியையும் மறந்துடாதீங்க. உக்காரப் போற இடத்துக்கு மேல மரம், பாறை இடுக்கு எல்லாம் அண்ணாந்து பாருங்க. கூடு இருந்தா சத்தம் போடாம வேற இடம். நெருப்பு மூட்டிப் புகை போட வேணாம், வாசனைத் தண்ணியும் அடிச்சுட்டு வர வேணாம்.

நோர்வூட்காரன்:

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். மூங்கில் ரெண்டு வெட்டிக் காயப் போட்டாச்சு. வாளியில மிதவையைப் போட்டுப் பாத்தேன், நட்டமா நிக்காம ஒரு பக்கமாச் சரியுது. இன்னொண்ணு, இரை. மகள் மண்புழுவைத் தொடவே மாட்டாளாம்.

புண்ணாக்கு பதில்:

மிதவை சரியுதுன்னா ஓட்டை நடுவில போகல. வேற துண்டு சீவுங்க, அஞ்சு நிமிச வேலை.

மண்புழு இல்லாமலே திலாப்பியா படும். ஒரு கப் கோதுமை மா, அரைத் தேக்கரண்டி சீனி, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை. தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு ரொட்டி மாவை விட இறுக்கமாப் பிசைங்க. கடைசியில பஞ்சு ஒரு விரல் நுனி அளவு பிய்ச்சு அதுக்குள்ள விட்டுப் பிசைஞ்சா தண்ணியில கரையாம முள்ளோட ஒட்டிக்கிட்டு நிக்கும். பஞ்சு போடாத மா ரெண்டு நிமிசத்தில கரைஞ்சு, பிள்ளை வெறும் முள்ளைப் பாத்துக்கிட்டு இருக்கும். "மீனே இல்ல"ன்னு சொல்றதில நிறைய இந்தக் கேஸ்தான். உருண்டை ஒரு மிளகு அளவு, கூடினா பட்டாணி. முள்ளு நுனி லேசாத் தெரியணும். மீதியை ஈரத் துணியில சுத்தி வைங்க, காய்ஞ்சா வெடிக்கும்.

மண்புழு பாவிச்சா முழுசாப் போட வேணாம். 2 சென்டிமீட்டர் துண்டு. தொங்கிற வாலை மட்டும் கடிச்சிட்டுப் போற மீன்தான் கரையோரத்தில கூட. அருவருப்புப் படுற பிள்ளைக்குக் கையில கொஞ்சம் காய்ஞ்ச மண்ணைத் தடவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்க, வழுக்காது. மறுத்தா வற்புறுத்த வேணாம்.

போன உடனே தேங்காய்ப் புண்ணாக்கை ஊற வெச்சு ரெண்டு தேசிக்காய் அளவு உருண்டை, தூண்டில் விழப்போற இடத்துக்கு எறிங்க. அரை மணிக்கு ஒண்ணு. அதுக்கு மேல போட்டா மீன் அதையே தின்னு வயிறு நிறைஞ்சிடும். அளவில்லாமக் கொட்டிட்டு வர்ற ஆளுங்களும் இருக்காங்க, அந்தத் தண்ணியைக் கீழ குடிக்கிறாங்கன்னு நினைப்பு வேணும்.

பிளேன்டீ பதில்:

அண்ணே, இரை தூண்டில் எல்லாம் ஆச்சு. இதைச் சொல்லலைன்னா அரை மணியில வீட்டுக்குத் திரும்பிடுவீங்க. அன்னைக்கு உங்களுக்குத் தூண்டில் கிடையாது. உங்க தடியை எடுத்துட்டுப் போகவே வேணாம். இரை கோர்க்க, சிக்கெடுக்க, மீன் கழட்ட, மூக்குத் துடைக்க ரெண்டு பிள்ளைக்கு ஒரு ஆள் முழு நேர வேலை. முடிஞ்சா இன்னொரு பெரியவரையும் சேர்த்துக்குங்க, தண்ணிக்கரையில 5 வயசுக்கு ஒரு கை தனியா வேணும்.

நேரம், சின்னவனுக்கு 45 நிமிசம், மகளுக்கு ஒண்ணரை மணி. ரெண்டு பேரும் ஒண்ணாப் போறதால நடுவில ஒரு மாற்று வேலை வேணும். நல்லா வேலை செய்றது தண்ணிக்கண்ணாடி. ஒரு லீட்டர் ஐஸ்கிரீம் டப்பாவோட அடியை வெட்டி எடுத்துட்டு, தெளிஞ்ச பொலித்தீனைச் சுருக்கமில்லாம இழுத்து ரப்பர் பேண்ட் ரெண்டு போட்டு இறுக்குங்க. பொலித்தீன் பக்கம் கீழ இருக்க, பாதி வரைக்கும் தண்ணியில அமுக்கினா, தண்ணி பொலித்தீனை மேல தள்ளிக் குழிவாக்கும், மேற்பரப்பு மினுமினுப்பில்லாமத் தரை தெளிவாத் தெரியும். கரையோர மணல்ல சோத்துக் கோப்பை மாதிரி வட்டக் குழி இருந்தா அது ஆண் திலாப்பியா வாயால தோண்டின கூடு. பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளயே வெச்சுக் காக்கும். பிடிச்ச மீன் வாயில குஞ்சு தெரிஞ்சா உடனே தண்ணிக்குள்ள விடச் சொல்லுங்க. "அம்மா மீன்"னு சொன்னாப் போதும், அதுங்களே விட்டுடும்.

ஓடைப் பக்கம் தேத்தண்ணி வடியால சின்ன மீன் அள்ளுறதும் நல்ல விளையாட்டுத்தான். ஆனா நம்ம மலை ஓடையில இலங்கையைத் தவிர வேற எங்கயும் இல்லாத மீன் வகையும் இருக்கு. போத்தல்ல போட்டுப் பாத்துட்டு அதே இடத்தில விட்டுடணும், வீட்டுக்கும் வேணாம், வேற தண்ணிக்கும் வேணாம்.

மிதவை பாக்கச் சொல்லிக் குடுக்கிறது இப்படி. நடுங்கினா "தட்டுது", பக்கவாட்டில போனா "இழுக்குது", முங்கினா "தூக்கு". மூணு சொல்தான். தட்டும்போதே தூக்கிறதுதான் எல்லாப் பிள்ளையும் விடுற பிழை. தூக்கும்போது தலைக்கு மேல வீசக் கூடாது, தடியை மெதுவா நிமிர்த்தணும். தூக்க முன்னால "தூக்குறேன்"னு கத்தணும். ரெண்டு பேருக்கும் நடுவில ரெண்டு தடி நீளம் இடைவெளி. தொப்பியும், பிளாஸ்டிக் கண்ணாடி ஏதாவது இருந்தா அதுவும் போட்டு விடுங்க, முள்ளு கண்ணுக்குப் போகாது.

திலாப்பியாவோட முதுகுச் செட்டை முள்ளு குத்தும். கையை நனைச்சுட்டு, தலைப் பக்கத்திலிருந்து வாலுக்குத் தடவினா முள்ளு படிஞ்சிடும், அதுக்குப் பிறகு பிடிக்கலாம். பெரிய மீன் ஒண்ணை விட விரல் நீள மீன் பத்து பிள்ளைக்குச் சந்தோசம். வாளியில 10 லீட்டர் தண்ணிக்கு நாலு மீன், நிழல்ல. கால் மணிக்கொரு தடவை பாதித் தண்ணியை மாத்துற வேலை சின்னவனுக்கு. கணக்கு எழுதுறது பெரியவளுக்கு.

அட்டைக்கு நீளக் காலுறைக்குள்ள காற்சட்டையைச் செருகி, காலுறை மேல சவர்க்காரத்தைக் காய்ஞ்சபடியே தேய்ச்சு விடுங்க. மழை பெஞ்ச புல்லுக்குள்ளதான் கூட இருக்கும், வெட்ட வெளிக் கரையில குறைவு. கடிச்சிருந்தா பிய்ச்சு இழுக்க வேணாம், ஒல்லியான பக்கத்து வாய்க்கு அடியில நகத்தை விட்டு நெம்பினா கழரும். ரத்தம் கொஞ்ச நேரம் நிக்காது, பயப்பட ஒண்ணும் இல்ல, பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வெச்சுடுங்க. கை கால்ல காயம் இருந்தா மூடிக் கட்டுங்க, எலிக்காய்ச்சல் தண்ணி வழியாத்தான் வருது. சாப்பிட முன்னால போத்தல் தண்ணியும் சவர்க்காரமும்.

மாத்து உடுப்பு ரெண்டு சோடி, காலுறை மூணு. ரொட்டியும் சம்பலும் ஆளுக்கு ரெண்டு கூடவே கட்டுங்க, தண்ணிக்கரைக் காத்துக்கு அதுங்க பசி வேற மாதிரி இருக்கும்.

நோர்வூட்காரன்:

பொலித்தீன் டப்பாவை இன்னைக்கே செஞ்சாச்சு, வீட்டு வாளியில ஒரே கூத்து. கடைசிக் கேள்வி. வீட்டுக்குக் கொண்டு வந்தா சேத்து வாடை அடிக்குமே, பிள்ளைங்க சாப்பிடுமா? வலைக்காரங்க ஏதும் சொல்வாங்களா?

மவுஸ்ஸாகலைக் காற்று பதில்:

வலை கிடக்கிற இடத்தில வரிசையா மிதவை தெரியும். அதுக்கு முப்பது மீட்டர் தள்ளி நில்லுங்க. உங்க முள்ளு வலையில மாட்டினா வலைதான் கிழியும், அது அவங்க பொழைப்பு. கேட்டா நல்ல கரையை அவங்களே காட்டுவாங்க.

புண்ணாக்கு பதில்:

வாடை பாசியிலிருந்து வர்றது, தோலிலயும் வயித்துச் சதையிலயும்தான் கூட. கரையிலேயே குடலை எடுத்துடுங்க, உள்ள ஒட்டிக்கிட்டிருக்கிற கறுப்புச் சவ்வையும் உப்பு போட்டுத் தேய்ச்சு எடுங்க. வீட்டில தேசிக்காய்ப் புளியும் உப்பும் தடவிப் பத்து நிமிசம், பிறகு ரெண்டு தண்ணியில கழுவுங்க. புளிதான் வாடையை முறிக்குது. விரல் நீள மீனுக்கு முள்ளெடுக்க ஏலாது, மஞ்சளும் மிளகும் பூசி முறுகப் பொரிச்சாத்தான் பிள்ளைக்குக் குடுக்கலாம். 5 வயசுக்கு உள்ளங்கையை விடப் பெரிசா ஒண்ணு பட்டா அதை வெச்சுக்குங்க, நடுமுள்ளோட ரெண்டு பக்கச் சதையையும் வழிச்சு எடுத்து, விரலால தடவிப் பாத்துட்டு ஊட்டுங்க.